மாடு என்று எழுதியது

மலையை நான் கண்டதில்லை.
தெமட்டகொடை ஷெட்டில் பதினோரு வருஷம்
சக்கரங்களுக்குக் கீழேயே கிடந்தவன்.
இரண்டரை அடிப் பாதை, சின்ன எஞ்சின்;
எங்கள் பக்கம் பார்த்து விளையாட்டுச் சாமான் என்பார்கள்
அகலப்பாதைக்காரர்கள்.
அது பதினாலு பெட்டி காரீயத்தை
மலையிலிருந்து இறக்கிக்கொண்டு
சனி இரவில் வந்து நின்றால்
கூரைத் தகரமெல்லாம் வியர்க்கும்.

மேலே எஞ்சினைத் திருப்ப மேசை இல்லை.
ஏறிய முகத்தோடேயே
பின்னால் பின்னால் இறங்கி வரும்.
அதனால் இடப்பக்க விளிம்புதான் எப்போதும் தேயும்:
வலக்கை வளைவுகள் அங்கே கூட.
கொதிகலனுக்குள் படிவு மெல்லிசு:
நல்ல தண்ணீர்.
சாம்பல் தட்டில் றப்பர் இலை,
படிக்கட்டில் ஒரு அட்டை, இன்னும் உயிரோடு.
இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மலை.

மருதானை முழுக்க வெசாக் கூடுகள் எரிந்த இரவு
பேஸ்லைன் கேட்டிலேயே கேட்டுவிட்டேன்,
டக்.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக்.
நொண்டிக்கொண்டு வந்தது.

லாம்பைப் பிடித்து அளந்தேன்.
ஆறு சக்கரத்திலும் தட்டை விழுந்திருந்தது,
இரண்டேகால் அங்குலம்.
மணல் பெட்டி இரண்டும் காலி, துடைத்த மாதிரி.
பிரேக் கட்டைகளில் கறுப்பு மினுக்கம்,
விரலில் ஒட்டி வழுக்கியது.

டிரைவர் கெலார்ட்டின் கையெழுத்தில் அறிக்கை:
முப்பத்தெட்டாம் மைல். பாதையில் மாடு. நிறுத்தினேன்.

மாட்டுக்கு விசில் அடிப்பான் கெலார்ட்.
ஏசுவான்.
மணலை முழுதாகக் கொட்டமாட்டான்.

ஞாயிறு காலை வந்தான்,
கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு,
எண்ணெய் படாமல் தள்ளி நின்று.
எவ்வளவு?
ரெண்டேகால்.
ஆறிலுமா?
ஆறிலும்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்,
ஒரு யார் தூரம் இருக்கும்.
பிறகு கொஞ்சம் குறைத்தான்.
பிறகு இன்னும் கொஞ்சம்.

ஏழு வயசு. கையில் அப்பனுக்குச் சோற்றுச்சட்டி.
சுரங்க வாசலுக்குக் குறுக்கு வழி பாலத்தின் மேலால்தான்.
எஞ்சின் நின்ற பிறகு
அவள் ஓடவில்லையாம்.
சட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
அவனை நிமிர்ந்து பார்த்து
ஏதோ சொன்னாளாம் தமிழில்.
“கம் பொட்டே?”
அதென்ன என்று என்னைக் கேட்டான்.
கண் பொட்டையா, என்றேன்.
அர்த்தம் சொன்னேன்.
வெள்ளைச் சட்டையோடு தரையில் குந்தி
சிரித்தான், சிரித்து முடிந்தும்
எழும்பவில்லை.

பாதையில் ஆள் ஏறினால்
அந்தக் குடும்பத்துக்கு லயம் இல்லை.
கம்பனிச் சட்டம் அப்படி.
மாட்டுக்கு லயம் கிடையாது,
ஆகவே மாடு.

திங்கள் சூப்பிரண்டன் கேட்டார்:
ஒரு மாட்டுக்கு ஆறு சக்கரமா?
கெலார்ட் கூரையைப் பார்த்தான்.
சம்பளத்தில் மூன்று நாள் வெட்டினார்கள்.

என் பத்தியில் நான் எழுதியது:
மூன்றாம் பெட்டித் தளப்பலகையில் விரிசல்.
பீப்பாய் ஒழுக்கு. பாதை நெடுகக் காரீயத் தூள்.
பென்சிலுக்கு நல்லது, பிரேக்குக்கு அல்ல.
கடைசி வரியை வெட்டிவிட்டு
வேறொன்று எழுதினேன்,
அந்தப் படிவத்தில் யாரும் கேட்காதது:
மாடு பிழைத்துக்கொண்டது.

பலகை மாற்ற இரண்டு மாதம் எடுத்தார்கள்.
சக்கரத்தை அன்றைக்கே கடைசலில் ஏற்றினோம்.
சுருள் சுருளாக உருக்கு விழுந்தது,
டக் போயிற்று.
மூன்றடிச் சக்கரத்தின் குறுக்களவில்
கால் அங்குலம் குறைவு.

இரவு, சோறு ஆறிக் கிடக்க,
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
முப்பத்தெட்டாம் மைலுக்குப் போய்ச்சேர
இனி
நூற்றைம்பது சுற்று கூட.